வெயிலுக்கு ஏற்ற அளவு
(தூத்துக்குடியில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு தோட்டா. பழைய வேட்டைத் துப்பாக்கிக்கான தோட்டா. அதைக் கையால் அளந்து, கையால் மருந்து கெட்டித்து, அது எந்த அளவில் ஒழுங்காகச் சுடும் என்று கண்டுபிடிக்கிற வேலை. முத்துக் குளித்த ஊரில், உப்பு விளைகிற ஊரில், கப்பல் வந்து போகிற ஊரில் வந்து நின்றுகொண்டு தோட்டாவைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் பேச்சு முடிவதற்குள் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், படகுகள் புறப்பட வேண்டிய நேரம் வந்ததும் இரவில் பீரங்கி முழங்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பாய் விரியும். அப்படி வெடிமருந்தின் முழக்கத்தில் தொடங்கிய தொழில், கடைசியில் வந்து முடிந்தது தராசுத் தட்டில். எடுத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் போட்டுச் சலிப்பார்கள். இருபது துளைச் சல்லடையில் தொடங்கி ஆயிரம் துளைச் சல்லடை வரை வரிசையாக வைத்திருப்பார்கள். பிறகு கழஞ்சிலும் மஞ்சாடியிலும் நிறுப்பார்கள். நிறுத்த எடையைக் கொண்டு, செவ்வு என்ற முத்துக் கணக்கைப் போட்டு விலை சொல்வார்கள். இங்கே 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் அந்தத் தராசின் நினைவு இந்த ஊரை விட்டுப் போய்விடவில்லை.

ஒரு மஞ்சாடி விதை ஏறத்தாழக் கால் கிராம். ஒரு குன்றிமணி அதில் பாதி. தோட்டா கெட்டிப்பவர் பயன்படுத்தும் அளவு கிரெய்ன். 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் என்பது நம்முடைய குன்றிமணியில் பாதி எடைதான். அவர் தராசு எதுவரை பார்க்கும் தெரியுமா? அந்த ஒரு கிரெய்னிலும் பத்தில் ஒரு பங்கு வரை. அதாவது ஒரு குன்றிமணியை இருபது கூறாக்கினால் அதில் ஒரு கூறு! முத்து வணிகரின் தராசில் பிழை வந்தால் போவது பணம். தோட்டா கெட்டிப்பவரின் தராசில் பிழை வந்தால் போவது கண், போவது கை, சில வேளைகளில் போவது உயிர்.

அன்பர்களே, தோட்டா என்பது என்ன? அதை நான்காகப் பிரித்துப் பார்ப்போம். முதலாவது, பித்தளைக் கூடு. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். இரண்டாவது, கூட்டின் அடியில் பதித்த சிறு கேப்பு. ஊசி வந்து குத்தியதும் நெருப்புக் கக்குவது அதுதான். மூன்றாவது, கூட்டுக்குள் இருக்கும் மருந்து. நான்காவது, கூட்டின் வாயில் செருகிய குண்டு. சுட்டதும் குண்டு பறந்துவிடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, கேப்பு வெந்துவிடுகிறது. கூடு மட்டும் மிஞ்சுகிறது. மிஞ்சிய அந்தக் கூட்டுக்கு மறுபடியும் உயிர் கொடுப்பதுதான் கையால் தோட்டா கெட்டிக்கும் வேலை.

ஒரு காலத்தில் எல்லாத் துப்பாக்கியும் கையால் கெட்டித்ததுதான். 1799 செப்டம்பர் 5 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஆங்கிலேய மேஜர் பானர்மன் படை தாக்கியபோது, இரு தரப்பிலும் வீரர்கள் ஒவ்வொரு வெடிக்கும் குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்துத்தான் சுட்டார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கலந்த கருமருந்து அது. ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் கருமருந்து ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த புகையில்லா மருந்து அப்படிப் பொறுக்காது. அளவு பிசகினால் உடனே தண்டிக்கும்.

நான் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளும் தோட்டாவின் பெயர் .275 ரிக்பி. 1892-இல் ஜெர்மனியில் பால் மவுசர் உருவாக்கிய ஏழு மில்லிமீட்டர் தோட்டாதான் இது. லண்டன் துப்பாக்கிப் பட்டறையான ஜான் ரிக்பி நிறுவனம் 140 கிரெய்ன் எடையுள்ள குண்டோடு அதைத் தன் பெயரில் வெளியிட்டது. 140 கிரெய்ன் என்றால் ஒன்பது கிராம். நம் கணக்கில் ஏறத்தாழ முப்பத்தைந்து மஞ்சாடி. அந்தச் சிறு குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,700 அடி வேகத்தில் பாய்கிறது. பாய்கிற அந்த நொடியின் சிறு துளியில் கூட்டுக்குள் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 50,000 பவுண்டு அளவில் அழுத்தம் எழுகிறது. அந்த அழுத்தத்துக்கும் சுடுபவரின் முகத்துக்கும் இடையே இருப்பது ஒரு சாண் இரும்பு மட்டுமே.

வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் கையில் இருந்தது இந்தத் தோட்டாவுக்கான துப்பாக்கிதான். 1907-இல் குமாயுன் மலையில் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை அவர் வீழ்த்தியதற்காக, ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஹியூவெட் அவருக்கு அளித்த பரிசு அது. நம் பக்கத்துக் காடுகளில், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரிப் பகுதிகளில் அலைந்து எழுதிய கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். 1904-இல் அமெரிக்காவில் வந்த தோட்டா. குண்டு 300 கிரெய்ன். பின்னாளில் தொழிற்சாலை அந்தத் தோட்டா செய்வதை நிறுத்தியது. அதன்பின் பல ஆண்டுகள் அந்தத் துப்பாக்கிகளைப் பேச வைத்தவர்கள், வீட்டு மேசையில் உட்கார்ந்து கையால் கெட்டித்தவர்கள்தான்.

அந்த மேசையைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போமா? சுட்ட கூட்டை எடுத்து முதலில் துடைக்கிறார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அடிப்பகுதிக்குச் சற்று மேலே வெளிறிய கோடு வளையமாக ஓடுகிறதா? ஓடினால் அந்தக் கூடு குப்பைக்கு. வெந்துபோன கேப்பை வெளியே தள்ளுகிறார். சுட்டதில் உப்பிய கூட்டை எஃகு அச்சுக்குள் செலுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார். நீண்டிருந்தால் வாயைச் சீவி நீளம் சரி செய்கிறார். புதுக் கேப்பைப் பதித்து, விரலால் தடவிப் பார்க்கிறார். அது கூட்டின் அடியைவிடத் துளியும் புடைத்திருக்கக் கூடாது. இனிதான் மருந்து.

மேசை மேல் ஒரே ஒரு மருந்துப் புட்டிதான் இருக்கும். இரண்டு புட்டி இருந்தால் கை மாறும். கை மாறினால் கதை முடியும். அக்கம்பக்கத்தில் நெருப்பு கிடையாது, பேச்சு கிடையாது, அவசரம் கிடையாது. ஒவ்வொரு கூட்டுக்கும் தனித்தனியாக நிறுத்து இடுகிறார். இட்டு முடித்ததும், குண்டு செருகுவதற்கு முன், எல்லாக் கூட்டையும் வரிசையாக நிறுத்தி விளக்கைப் பிடித்து உள்ளே பார்க்கிறார். ஒன்றில் மட்டும் மருந்து மட்டம் உயர்ந்து தெரிந்தால், இரண்டு தடவை கொட்டிவிட்டோம் என்று பொருள். அதைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல நேரம் வேறு கிடையாது.

எவ்வளவு மருந்து? இங்கேதான் இன்றைய பேச்சின் உயிர் இருக்கிறது. கையேடுகள் உச்ச அளவு ஒன்றைச் சொல்கின்றன. விவரம் தெரிந்தவர் அந்த உச்சத்தில் தொடங்க மாட்டார். பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்குவார். சுட்டுப் பார்ப்பார். கூட்டை எடுத்துப் பார்ப்பார். கேப்பு தட்டையாகிவிட்டதா? பூட்டு இறுகித் திறக்க மறுக்கிறதா? இல்லை என்றால் இன்னும் கொஞ்சம். மறுபடியும் சுடுவார், மறுபடியும் பார்ப்பார், மறுபடியும் எழுதி வைப்பார். குண்டுகள் ஒரே இடத்தில் நெருங்கி விழத் தொடங்கும் அளவு வந்ததும் நின்றுவிடுவார். இன்னும் ஏறலாமே என்ற ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதவர்தான் கைதேர்ந்தவர்.

கையேட்டிலேயே அளவு இருக்கிறதே, பிறகு ஏன் இத்தனை பாடு? ஏனென்றால் கையேட்டை எழுதியவர் வேறு ஊரில் இருக்கிறார். அவர் ஊரில் வேறு வெயில். அவர் ஊரில் வேறு காற்று. இந்த உண்மையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடங்களில் ஒன்று நம் நாடு!

1889-இல் ஏபல், டூவர் என்ற இரு வேதியியலர்கள் பிரிட்டனில் கார்டைட் என்ற புகையில்லா மருந்தை உருவாக்கினார்கள். நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாசலின் 5 பங்கு. பிசைந்து, துளை வழியாகப் பிழிந்து, மெல்லிய இழைகளாக எடுத்த மருந்து. பிரிட்டிஷ் படையின் .303 தோட்டாவில் அந்த இழைகளைக் கட்டாகச் செருகிய பிறகுதான் கூட்டின் கழுத்தையே ஒடுக்குவார்கள். வலிமையான மருந்து. ஆனால் சூட்டோடு அதற்கு ஒரு பகை உண்டு. தோட்டா எவ்வளவு சூடேறி இருக்கிறதோ அவ்வளவு வேகமாக உள்ளே மருந்து எரியும். எரியும் வேகம் கூடினால் அழுத்தம் கூடும். லண்டனின் குளிரில் சரிபார்த்த தோட்டா, நம் சித்திரை வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தால் அது பழைய தோட்டா அல்ல. சுட்டபின் கூடு குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். எதிரே காயம்பட்ட விலங்கு நிற்கும்போது துப்பாக்கி திறக்கவில்லை என்றால் என்ன ஆகும்?

அதனால் பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்று மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டா செய்தார்கள். வெப்பநாட்டுத் தோட்டா என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டு அனுப்பினார்கள். 1911-இல் வந்த .416 ரிக்பி தோட்டாவின் கூட்டைப் பாருங்கள். தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும். வெயிலில் அழுத்தம் ஏறினாலும் தாங்குவதற்காக விட்ட இடம் அது. வெயிலுக்குத் தலைவணங்கித் தோட்டாவின் வடிவத்தையே மாற்றினார்கள், அன்பர்களே!

அந்தக் கார்டைட்டை நம் தமிழ் மண்ணிலேயே செய்தார்கள். நீலகிரியில், குன்னூருக்கும் உதகைக்கும் இடையே, மலை ரயில் நின்று போகும் அருவங்காட்டில், 1900-களின் தொடக்கத்தில் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. காட்டேரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து அதை இயக்கினார்கள். சூட்டுக்கு அஞ்சும் சரக்குக்குக் குளிர்ந்த மலை. நூற்றாண்டைக் கடந்து இன்றும் அது பொதுத்துறையில் இயங்குகிறது. அதன் வரலாற்றில் விபத்துகளும் உண்டு, உயிரிழப்புகளும் உண்டு. தோட்டாவின் கதையைச் சொல்பவர்கள் வேட்டைக்காரரின் பெயரைச் சொல்கிறார்கள். துப்பாக்கிப் பட்டறையின் பெயரைச் சொல்கிறார்கள். மருந்து பிசைந்த கையின் பெயரைச் சொல்வதில்லை. அந்தக் கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மறுபடியும் வருவேன்.

வெயிலைப் பார்த்தோம். அடுத்து ஈரம். பிரிட்டிஷ் படை இந்தியாவில் இருந்தபோது ஒரு வியப்பான செய்தி கவனத்துக்கு வந்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. யாரும் அடிக்கவில்லை, யாரும் சுடவில்லை. பெட்டியைத் திறந்தால் கழுத்தில் விரிசல்! காரணம் முழுமையாக விளங்கியது 1921-இல்தான். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து, பித்தளைக்குள் ஏற்கெனவே இறுக்கம் இருந்த இடத்தைத் தேடிப்பிடித்துப் பிளந்திருக்கிறது. அச்சில் இழுத்து ஒடுக்கியபோது கழுத்தில் தங்கிய இறுக்கம் அது. தீர்வு, அளவான சூடு காட்டி அந்த இறுக்கத்தைத் தணிப்பது. இன்றும் தோட்டா கெட்டிப்பவர் சில முறை சுட்ட பிறகு கூட்டின் கழுத்தை மட்டும் சூடு காட்டிப் பதப்படுத்துகிறார். அடிப்பகுதிக்குச் சூடு போக விடமாட்டார். அடி இளகினால் அழுத்தத்தைத் தாங்காது.

நம் பொற்கொல்லர்கள் காலங்காலமாகத் தகட்டைத் தட்டுவதும், காய்ச்சுவதும், மறுபடி தட்டுவதுமாகச் செய்து வருகிற வேலையின் அறிவியல்தான் இதுவும். கை அறிந்திருந்ததை ஆய்வுக்கூடம் பிறகு விளக்கியது.

வெயில் ஒன்று, ஈரம் ஒன்று. மூன்றாவதாகச் சட்டம். 1907-இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் .450 அளவுத் துப்பாக்கிகளுக்குத் தடை போட்டது. பழைய மார்ட்டினி-ஹென்றி படைத்துப்பாக்கியும் அதே அளவு. வேட்டைக்கு என்று வரும் குண்டு, கிளர்ச்சி செய்பவர் கைக்குப் போய்விடும் என்ற அச்சம். உடனே லண்டன் பட்டறைகள் .465, .470 என்று புதிய அளவுகளைக் கொண்டுவந்தன. ஆட்சியாளரின் அச்சமும் தோட்டாவின் அளவை மாற்றும். இன்றைய நிலை என்ன? 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம், தோட்டா செய்வதும் குற்றம். மாணவர்களே, இதைச் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

வேட்டைக்கும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. அது நல்ல முற்றுப்புள்ளி. இங்கிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில் வல்லநாட்டுக் குன்றில் வெளிமான்கள் மேய்கின்றன. 1987-இல் அந்தக் குன்று சரணாலயம் ஆனது. தெற்கே எஞ்சி நிற்கும் வெளிமான் கூட்டங்களில் ஒன்று நம் மாவட்டத்தில் இருக்கிறது என்பது நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல வேண்டிய செய்தி. அந்த மான்கள் மீது இனி ஒரு குண்டும் பாயக் கூடாது.

அப்படியானால், வேட்டையே இல்லாத நாட்டில் வேட்டைத் தோட்டாவின் பாடம் எதற்கு?

சம்பாவத் புலிக்குத் திரும்புவோம். நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 மனித உயிர்களைக் குடித்த புலி அது. கார்பெட் அதை வீழ்த்திய பிறகு வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம்! என்றோ, எங்கோ, யாரோ ஒருவர் சரியாகப் படாத ஒரு குண்டைச் சுட்டுவிட்டுப் போய்விட்டார். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போன புலி மனிதரைத் தேடி வந்தது. சுட்டவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அவர் செய்த பிழைக்கு விலை கொடுத்தவர்கள், புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டோரம் போன ஏழைப் பெண்கள்.

இதுதான், அன்பர்களே, இன்று நான் சொல்ல வந்த ஒன்று. பிழை செய்கிறவர் ஒருவர், விலை கொடுக்கிறவர் வேறு ஒருவர். மருந்தைக் கையாளும் இடத்தில் எல்லாம் இதுவே நடக்கிறது. இப்போது அந்தக் கைக்கு வருகிறேன், மருந்து பிசையும் கைக்கு.

நம் மாவட்டத்துக் கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழில். பக்கத்து மாவட்டத்துச் சிவகாசியில், சாத்தூரில் பட்டாசுத் தொழில். தினந்தோறும் ஆயிரக்கணக்கானோர் மருந்தைக் கையால் கலக்கிறார்கள், கையால் அடைக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பின்னும் ஆண்டுதோறும் செய்தி வருகிறது. ஆண்டுதோறும் இழப்பீடு அறிவிக்கிறார்கள். ஆண்டுதோறும் மறந்துவிடுகிறோம்.

அங்கேயும் எதிரி யார்? அதே வெயில்தான். உச்சிப்பொழுதில் தகரக் கொட்டகைக்குள் சூடேறிய மருந்தில் ஓர் உராய்வு போதும். அங்கேயும் எதிரி யார்? அதே ஈரம்தான். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் அது தானாகவே சூடேறும். முந்தின நாள் கலந்து மிச்சம் வைத்த மருந்து மறுநாள் யமனாகும். எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று விதிகள் ஏட்டில் இருக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அந்த விதிகள் ஏட்டை விட்டு இறங்குவதே இல்லை.

தன் பொழுதுபோக்குக்காகத் தோட்டா கெட்டிப்பவர், மேசையில் ஒரே ஒரு புட்டி வைக்கிறார். குறைவான அளவில் தொடங்குகிறார். ஒவ்வொரு படியையும் எழுதி வைக்கிறார். அவசரம் வந்தால் எழுந்து போய்விடுகிறார். வயிற்றுப்பாட்டுக்காக மருந்து கலக்கும் நம் சகோதரிக்கு அந்த ஒழுங்கு வேண்டாமா? சீமைத் துரையின் தோட்டா நம் வெயிலில் வெடித்துவிடக் கூடாது என்று மருந்தைக் குறைத்து, பெட்டியில் எச்சரிக்கை அச்சிட்டு அனுப்பினார்களே, நம் தொழிலாளியின் கொட்டகைக்கு வெயிலுக்கு ஏற்ற அளவை வகுத்துக் காப்பாற்ற நமக்கு என்ன தடை? எண்ணிக்கைக்குக் கூலி தருவதால்தானே கை ஓடுகிறது? கை ஓடும்போதுதானே அளவு பிசகுகிறது?

மாணவர்களே, வேதியியல் படிக்கிறவர்களே, பொறியியல் படிக்கிறவர்களே, உங்களிடம் கேட்கிறேன். நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். உப்பளத்துக் காற்றின் ஈரமும் உங்களுக்குத் தெரியும். கொட்டகைக்குள் எந்த மணிக்கு எவ்வளவு சூடு ஏறுகிறது, எந்த மாதத்தில் மருந்து எவ்வளவு ஈரம் குடிக்கிறது என்று போய் அளந்து பாருங்கள். அளந்ததைத் தமிழில் எழுதிக் கொட்டகைச் சுவரில் மாட்டுங்கள். ஆலை நடத்துகிறவர்களே, கோடை உச்சியில் கலவை வேலையை அதிகாலைக்கு மாற்றுங்கள். அதற்காகக் கூலியில் ஒரு காசும் குறைக்காதீர்கள். அதிகாரிகளே, பண்டிகை நெருங்கும் மாதங்களில்தான் அடிக்கடி வாருங்கள், சொல்லாமல் வாருங்கள்.

அளவு என்பது ஏட்டில் பிறக்கலாம். அது வேலை செய்கிற இடத்தில், அந்த இடத்து வெயிலில், அந்த இடத்து ஈரத்தில், சரிபார்த்த பிறகுதான் அதை நம்பி ஒரு மனித உயிரை அருகில் நிறுத்தலாம். இதை வேட்டைக்காரர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தங்களுக்காகக் கற்றுக்கொண்டார்கள். நாம் நம் மக்களுக்காகக் கற்றுக்கொள்வோம். இந்தக் கோடையிலேயே தொடங்குவோம்.